கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு உழவர் சந்தைக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று கோடைகளாகச் சனிக்கிழமை காலையில் மகனையும் மகளையும் கோவையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள உழவர் சந்தைக்குக் கூட்டிப் போகிறேன். அவனுக்கு இப்போது ஏழு வயது, அவளுக்கு நான்கு. திரும்பி வரும்போது இருவர் தோளிலும் சின்னத் துணிப்பை தொங்கும். அதைப் பார்த்துவிட்டு எங்கள் குடியிருப்பில் மாடிப்படியில் நிறுத்தி விசாரிப்பவர்கள் நிறையப் பேர். கேள்விகளும் கிட்டத்தட்ட அதே கேள்விகள்தான். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் பையில் கீரை வாடிவிடுகிறது. அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

உழவர் சந்தையும் காய்கறி மார்க்கெட்டும் ஒன்றுதானே? பெயர்தானே வேறு?

ஒன்றல்ல. மார்க்கெட்டில் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் வியாபாரி. மண்டியில் வாங்கி வந்து விற்பவர். உழவர் சந்தையில் விளைவித்தவரே விற்க வேண்டும் என்பது விதி. அதற்காக அவருக்குப் படம் ஒட்டிய அடையாள அட்டை உண்டு. கடைக்கு வாடகை இல்லை, தரகு இல்லை. கருணாநிதி முதல்வராக இருந்தபோது, 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் சந்தை தொடங்கியது. பஞ்சாபின் அப்னி மண்டி, ஆந்திராவின் ரைத்து பஜார் என்ற இதே மாதிரிச் சந்தைகள் இதற்கு மூத்தவை. இன்று தமிழ்நாட்டில் 180-க்கும் மேற்பட்ட உழவர் சந்தைகள் இருக்கின்றன.

நவம்பர் 14 குழந்தைகள் தினம் அல்லவா? இதை ஒரு தடவை மகனிடம் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து சந்தையே தனக்காகத் திறந்தது என்ற நினைப்பில் நடக்கிறான். நான் திருத்தவில்லை.

மகளுக்கு இரண்டரை வயது. இப்போதே கூட்டிப் போகலாமா?

போகலாம். ஆனால் அந்த வயதில் அது உங்கள் சந்தைப் பயணம். அவளுக்கு வெறும் இடுப்புப் பயணம். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் பை, நடுவில் சில்லறை என்றால் அரை மணி நேரத்தில் உங்களுக்கே அழுகை வந்துவிடும். கூட இன்னொரு பெரியவர் வந்தால் சரி. குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போக நினைக்காதீர்கள். தரையில் ஈரமும் முட்டைக்கோசு இலையும் கிடக்கும். கூட்டத்தில் சக்கரம் யார் காலிலாவது ஏறும்.

மூன்று வயது தாண்டி, தானே நடந்து, ஒரு பையையும் பிடித்துக்கொள்ளும் பிள்ளைக்குத்தான் சந்தை உண்மையில் தொடங்குகிறது.

விடுமுறையில்தான் பிள்ளைகள் கொஞ்சம் தூங்குகிறார்கள். பத்து மணிக்குப் போனால் ஆகாதா?

பத்து மணிக்குச் சந்தை இருக்கும். பார்க்க ஒன்றும் இருக்காது. நல்ல கீரை எட்டு மணிக்குள் தீர்ந்துவிடும். மே முதல் வாரத்தில் அக்னி நட்சத்திரம் பிறந்துவிட்டால் ஒன்பது மணிக்கே அந்தக் கூரைக்கு அடியில் நிற்க முடியாது. நாங்கள் ஆறேகாலுக்குப் புறப்பட்டு எட்டு மணிக்குள் வீடு வந்துவிடுவோம். அதற்குப் பிறகு வேண்டுமானால் தூங்கட்டும். தூங்கவும் செய்கிறார்கள்.

பல் தேய்த்து, ஒரு டம்ளர் பால் குடித்து, முகம் கழுவினால் போதும். குளிக்காமல் வெளியே போவதா என்று முதல் வாரம் என் மாமியார் கேட்டார். முழங்கால் வரை சேற்றோடு திரும்பிய பேரனைப் பார்த்த பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மலிவு மலிவு என்று சொல்லி ஐந்நூறு ரூபாய் போய்விடாதா?

காய்க்குப் போகும் பணம் எப்படியும் போகிற பணம்தான். அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மற்றபடி, சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஐந்து வயது வரை குழந்தைக்கும் இல்லை. ஆக எங்கள் மூவருக்கும் சேர்த்து மகனுடைய அரை டிக்கெட்தான் செலவு. பிள்ளைகள் கையில் ஆளுக்கு இருபது ரூபாய் கொடுப்பேன் (ஏன் என்று கீழே சொல்கிறேன்). வாசலில் நுங்கு. அவ்வளவுதான்.

பணம் ஒழுகுகிற இடம் சந்தைக்கு உள்ளே இல்லை, வெளியே. பஞ்சுமிட்டாய், பலூன், முறுக்கிவிட்டால் ஓடும் பிளாஸ்டிக் தவளை எல்லாம் வாசலில் காத்திருக்கும். எங்கள் வீட்டுச் சட்டம்: வாசலில் ஒரே ஒரு பொருள், அதுவும் திரும்பும்போது மட்டும். போகும்போது வாங்கிக் கொடுத்தால் சந்தை முழுவதும் தவளையைத்தான் பார்த்துக்கொண்டு வருவார்கள்.

பத்து நிமிடத்தில் "வீட்டுக்குப் போகலாம்" என்று சிணுங்குகிறான். அங்கே பிள்ளைக்கு அப்படி என்னதான் இருக்கிறது?

முதல் கோடையில் எனக்கும் இதே கதைதான். "இது பார் கத்திரிக்காய், இது பார் புடலங்காய்" என்று கோயில் சுற்றிக் காட்டுகிறவர் மாதிரி பேசிக்கொண்டே போனேன். பிள்ளைகள் என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தார்கள். சந்தையில் பிள்ளைக்கு வேடிக்கை காட்டவே கூடாது, வேலை கொடுக்க வேண்டும் என்பது எனக்குப் புரிய நான்கு வாரம் ஆயிற்று.

மகனுடைய வேலை விலைப்பலகை. வாசலில் அன்றைய விலையை எழுதி வைத்திருப்பார்கள். எங்கள் பட்டியலில் உள்ளதை அதில் தேடி, விலையை மனதில் வைத்துக்கொண்டு, கடையில் எனக்குச் சொல்ல வேண்டும். பள்ளியில் தமிழ்ப் பாடம் என்றால் கொட்டாவி விடுகிறவன், "கொத்தவரங்காய்" என்ற சொல்லை எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தபோது போர் வென்றவன் போல் திரும்பிப் பார்த்தான். கால், அரை, முக்கால், ஒன்றரை எல்லாம் தராசில்தான் அவனுக்குப் பிடிபட்டன. கால் கிலோ கேட்டோம், தராசில் 0.250 என்று வருகிறதே என்று ஒரு நாள் திகைத்து நின்றான். கடைக்கார அண்ணன் நான்கு கால் கிலோவை ஒவ்வொன்றாகத் தட்டில் போட்டு ஒரு கிலோவாக்கிக் காட்டினார். பின்னால் நின்ற இரண்டு பேர் முணுமுணுத்தார்கள்; அவர் கண்டுகொள்ளவே இல்லை.

மகளின் வேலை கொசுறு கேட்பது. கறிவேப்பிலைக்கும் நாலு தண்டு கொத்தமல்லிக்கும் அவள்தான் கை நீட்ட வேண்டும். நான் கேட்டால் இரண்டு தண்டு வரும். அவள் கேட்டால் ஒரு கைப்பிடி வரும்.

இன்னொரு விளையாட்டு: எதை நிறுக்கிறார்கள், எதை எண்ணுகிறார்கள், எதை இரண்டும் இல்லாமல் கொடுக்கிறார்கள்? தக்காளி கிலோ, தேங்காய் எண்ணிக்கை, கீரை கட்டு, வாழைப்பழம் சீப்பு, பூ முழம். முழம் என்பது அளப்பவரின் கையைப் பொறுத்தது என்று கண்டுபிடித்த நாளிலிருந்து, கை நீளமான பூக்காரரைத்தான் மகன் தேடுகிறான்.

வாரம் ஒரு புதுக் கீரை என்றும் வைத்துக்கொள்ளலாம். அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி, வல்லாரை என்று போனால் விடுமுறை முடியும்வரை தாங்கும். விளைவித்தவரிடமே கேள்வி கேட்கலாம் என்பதுதான் இங்கே பெரிய லாபம். புடலங்காய் எப்படி இவ்வளவு நேராக இருக்கிறது என்று மகள் கேட்டாள். பிஞ்சாக இருக்கும்போதே நுனியில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிடுவோம், கனத்துக்கு நேராக வளரும் என்றார் ஒரு பெரியவர். அன்று மாலை அவளுடைய பொம்மையின் பின்னலில் ஒரு கல் தொங்கியது.

நாற்பது நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே கிளம்பிவிட வேண்டும்.

காயைத் தொட்டாலே திட்டுகிறார்கள். பிள்ளையை எப்படிச் சமாளிப்பது?

திட்டுவதில் நியாயம் இருக்கிறது. வெண்டைக்காயை நுனி உடைத்துப் பார்த்து வாங்க வேண்டும் என்று நாமே வீட்டில் சொல்லிக் கொடுத்திருப்போம். என் மகன் ஒரு நாள் பதினொரு காயின் நுனியை உடைத்து வரிசையாக அடுக்கிவிட்டான். கடைக்கார அக்கா கோபப்படவில்லை. "கண்ணு, உடைத்ததையெல்லாம் நீயே எடுத்துக்கொள்" என்று பையில் போட்டு நிறுத்துவிட்டார். அவனுடைய இருபது ரூபாய் அங்கேயே தீர்ந்தது.

அதன்பின் வந்த சட்டம்: தட்டலாம், முகரலாம், தூக்கிப் பார்க்கலாம். உடைப்பது, நகம் பதிப்பது, அமுக்குவது கூடாது. எதைத் தொடுவதற்கு முன்பும் "பார்க்கலாமா அக்கா?" என்று கேட்க வேண்டும். கேட்ட பிள்ளையை யாரும் திட்டி நான் பார்த்ததில்லை. அவரே நல்லதாக ஒன்றை எடுத்துக் கையில் கொடுப்பார்.

நாங்கள் தஞ்சாவூர்ப் பக்கம். இங்கே பாதிக் காயின் பெயரே புரியவில்லை. பிள்ளைக்கு எதைச் சொல்லிக் கொடுப்பது?

இரண்டையும். உங்கள் பரங்கிக்காய் இங்கே அரசாணிக்காய். மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு என்பார்கள். வேர்க்கடலை, நிலக்கடலை, கடலைக்காய், விழுப்புரம் பக்கம் மல்லாட்டை என்று ஒரே பொருளுக்கு நாலு பெயர் இருப்பது பிள்ளைகளுக்குத் தொந்தரவே இல்லை, நமக்குத்தான். எங்கள் கீழ்வீட்டுப் பையன் சந்தையில் அரசாணி என்றும் பாட்டியிடம் தொலைபேசியில் பரங்கி என்றும் சொல்கிறான்.

கையில் காசைக் கொடுத்தால் ஏமாந்துவிட மாட்டானா?

ஏமாறுவான். இருபது ரூபாய்க்கு ஏமாறட்டும். என் மகன் ஒரு தடவை பார்க்காமல் வாங்கிய வெள்ளரிப் பிஞ்சு அத்தனையும் கசந்தது. அடுத்த வாரம் கடைக்காரரிடம் "கசக்குமா?" என்று கேட்டுவிட்டுத்தான் காசை நீட்டினான். கசக்காது என்று சொல்லி அவர் ஒன்றை நறுக்கியும் கொடுத்தார்.

நாணயமாகவே கொடுங்கள். இப்போது பல கடைகளில் க்யூஆர் அட்டை இருக்கிறது, பெரியவர்களுக்கு வசதிதான். ஆனால் கைபேசியைக் காட்டினால், காசு போனதே பிள்ளைக்குத் தெரியாது. ஐந்து ரூபாய் நாணயங்கள் நான்கு, சட்டைப்பையில் ஒவ்வொன்றாகக் குறைவது தெரியும்.

பேரம் பேசக் கற்றுக்கொடுக்கலாமா?

வெளிக் கடையில் கற்றுக்கொள்ளட்டும், இங்கே வேண்டாம். இங்கே விலையை அன்றன்று காலையில் மொத்தச் சந்தை நிலவரத்தைப் பார்த்து நிர்ணயிக்கிறார்கள். மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதல், வெளிச் சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு என்பது பொதுக் கணக்கு. விற்பவருக்கும் கொஞ்சம், வாங்குபவருக்கும் கொஞ்சம். அதில் மேலும் இரண்டு ரூபாயைப் பிடுங்குவதைப் பிள்ளை முன்னால் திறமையாகக் காட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. பலகையில் இருப்பதைவிட அதிகம் கேட்டால் மட்டும், "பலகையில் இப்படிப் போட்டிருக்கிறதே" என்று மகன் சொல்லலாம். கொசுறு பேரத்தில் சேராது.

அங்கேயே ஏதாவது தின்னக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கழுவாமல் எதுவும் வேண்டாம். மண்ணைவிட மருந்துதான் கவலை. அடித்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டால் சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு பெரிய பாட்டில் தண்ணீர் கொண்டு போனால் வெள்ளரிப் பிஞ்சைக் கழுவிக் கொடுக்கலாம். ஈ மொய்க்கும் தர்பூசணித் துண்டைத் திரும்பிப் பார்க்காமல் கடந்துவிடுங்கள்.

நுங்குதான் எங்கள் கூலி. கண் முன்னால் சீவிக் கொடுப்பதால் பயமில்லை. சுளையாக வாங்காமல் முழுக் காயாகவே சீவச் சொல்லுங்கள். பெரும்பாலும் மூன்று கண் இருக்கும். கட்டைவிரலை உள்ளே விட்டு நெம்பிக் குடிக்க வேண்டும். முதல் தடவை சட்டை நனையாமல் யாரும் தின்றதில்லை. அந்தக் கறை எளிதில் போகாது, பழைய சட்டை போட்டு அனுப்புங்கள்.

தின்று முடித்த வெற்றுக் காயை, அதாவது கூந்தலை, தூக்கி எறியாதீர்கள். ஒரே அளவில் இரண்டைத் தேடி எடுத்து, ஒரு குச்சியின் இரு முனையிலும் செருகி, கவட்டை உள்ள நீளக் கம்பால் தள்ளினால் நுங்கு வண்டி. எங்கள் குடியிருப்பின் வாகன நிறுத்தத்தில் போன மே மாதம் ஒரே நேரத்தில் ஆறு வண்டிகள் ஓடின. கூந்தல் காய்ந்து சுருங்கும்வரை மூன்று நாலு நாள் தாங்கும். பிறகு அடுத்த சனிக்கிழமை.

தானே வாங்கிய காயைப் பிள்ளை சாப்பிடும் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. கல் கட்டி வளர்ந்தது என்பதற்காகவே மகள் புடலங்காய்ப் பொரியல் சாப்பிடுகிறாள். மகன் பாகற்காயைத் தானே தேர்ந்தெடுத்து, தானே காசு கொடுத்து, தானே சுமந்து வந்து, தட்டில் வைத்ததும் தள்ளி வைத்துவிட்டான். வாங்கும் ஆசை வேறு, நாக்கு வேறு.

கூட்டத்தில் தொலைந்துவிட்டால்?

எனக்கு நடந்தது. ஐந்து நிமிடம். தேங்காய்க் கடைக்குப் பின்னால் மகன் உட்கார்ந்து மட்டை உரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். தான் தொலைந்துபோனதே அவனுக்குத் தெரியாது. எனக்கு மட்டும் அந்த ஐந்து நிமிடம் இன்னும் முடியவில்லை.

இப்போது உள்ளே நுழையும்போதே சந்திக்கும் இடத்தைக் காட்டிவிடுவேன். எங்களுக்கு அது விலைப்பலகை. முன்கையில் பேனாவால் என் கைபேசி எண். அடர் மஞ்சள் சட்டை. அம்மாவைக் காணோம் என்றால் நடக்கக் கூடாது. பக்கத்துக் கடையில் தராசு வைத்திருக்கும் அக்காவிடம் சொல்ல வேண்டும். அவர் கடையை விட்டு எங்கும் போக முடியாதவர், அதனால்தான் அவர். சந்தைக்குள் அலுவலக அறை ஒன்றும் இருக்கும், எங்கே என்று முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கழிவறை இருக்குமா?

நம்பிப் போகாதீர்கள். வீட்டிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள். நாற்பது நிமிடக் கணக்குக்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கள் ஊரில் உழவர் சந்தையே இல்லை. என்ன செய்வது?

வாரச் சந்தை இருக்கும். அங்கே வியாபாரிகளும் விவசாயிகளும் கலந்து உட்கார்வார்கள். பாத்திரம், கயிறு, கருவாடு, கோழி எல்லாம் உண்டு. பிள்ளைகளுக்கு உழவர் சந்தையைவிட அதுதான் கண்ணைப் பறிக்கும் என்பது உண்மை. விலைப்பலகை இருக்காது, எனவே மேலே சொன்ன பேரச் சட்டம் அங்கே செல்லாது. மொத்தச் சந்தைக்கு, அதாவது கோயம்பேடு மாதிரி இடங்களுக்கு, சின்னப் பிள்ளைகள் வேண்டாம். மூட்டை சுமப்பவர்கள் ஓட்டமும் நடையுமாக வருவார்கள். கீழே நிற்கும் பிள்ளை அவர்கள் கண்ணில் படாது.

அங்கேயும் வியாபாரிகள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்கிறார்களே. பிள்ளையிடம் விவசாயி என்று பொய் சொல்வதா?

இந்தப் புகார் பழையது, முழுப் பொய்யும் அல்ல. ஒருவர் நிலத்தில் ஒரே நேரத்தில் விளைவது நாலைந்து வகைதான். சமவெளிக்காரர் கடையில் இருபது வகை அடுக்கியிருந்தால் யோசிக்கலாம். எங்கள் சந்தையில் கேரட், பீட்ரூட் போன்ற மலைக்காய்களுக்குத் தனிக் கடைகள் இருக்கின்றன. அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நான் பிள்ளைகளிடம் எதையும் சொல்வதில்லை, கேட்கச் சொல்கிறேன். "எந்த ஊர் அண்ணா? இது உங்கள் தோட்டமா?" தொண்டாமுத்தூர், கிணத்துக்கடவு, அன்னூர் என்று பதில் வரும். கூடவே எத்தனை மணிக்குப் பறித்தார், எந்த வண்டியில் வந்தார் என்றெல்லாம் தானாக நீளும். வியாபாரி என்றால் பேச்சு ஊர்ப் பெயரோடு நின்றுவிடும். மகன் இதில் என்னைவிடக் கெட்டிக்காரன்.

தக்காளி கிலோ பத்து ரூபாய் என்றதும் நான் மகிழ்ச்சியாக இரண்டு கிலோ வாங்கினேன். "அந்தத் தாத்தா மட்டும் ஏன் சிரிக்கவில்லை?" என்று மகள் கேட்டுவிட்டாள். என்ன சொல்வது?

உண்மையைச் சொல்லலாம், சின்னதாக. நமக்கு மலிவு என்றால் அவருக்கு நஷ்டம். பறிக்கிற கூலியும் வண்டி வாடகையும் பத்து ரூபாயில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். எல்லாத் தோட்டத்திலும் ஒரே சமயத்தில் காய்த்தால் விலை விழும். மழையோ வெயிலோ கெடுத்தால் ஏறும். இதே தக்காளி 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. அன்று நாம் சிரிக்கவில்லை. அன்று விற்கக் காய் இல்லாமல் நின்றவர்களும் சிரித்திருக்க மாட்டார்கள்.

நான் இதைச் சொன்னபோது, "அப்படியானால் பதினைந்து ரூபாய் கொடுக்கலாமே" என்றான் மகன். கொடுத்துப் பார்த்தோம். பெரியவர் வாங்கவில்லை. ஐந்து ரூபாய்க்கு இன்னும் அரை கிலோவைப் பையில் கொட்டிவிட்டார்.

கடையில் என் மகன் வயதுப் பெண் உட்கார்ந்து சில்லறை கொடுக்கிறாள். "அவளுக்கு லீவு இல்லையா அம்மா?" என்கிறான். எனக்கே பதில் தெரியவில்லை.

எனக்கும் உடனே தெரியவில்லை. பள்ளி நேரம் போக, அல்லது விடுமுறையில், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை உதவுவதை 2016-இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம் அனுமதிக்கிறது. பள்ளி நாளிலும் அதே பிள்ளை அங்கே இருந்தால் அது வேறு; 1098 என்ற குழந்தைகள் உதவி எண் அதற்குத்தான். ஆனால் உங்கள் மகன் கேட்டது சட்டம் இல்லை. அவன் ஊஞ்சலாடப் போகிற நேரத்தில் அவள் கணக்குப் பார்க்கிறாளே என்பதுதான் அவன் கேள்வி. அதை மழுப்பி, "பார், எவ்வளவு பொறுப்பான பெண்" என்று அவனுக்கே பாடமாகத் திருப்பிவிடாதீர்கள். நான் ஒரு முறை அப்படிச் செய்து, மகன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன்.

அந்தக் கடைப் பெண்ணிடமே கேள் என்று என் மகனிடம் சொன்னேன். கேட்டான். மூன்றாம் வகுப்பு முடித்திருக்கிறாள், சனி ஞாயிறு மட்டும் அப்பாவோடு வருகிறாள், கடலைக்காய் விற்றுத் தீர்ந்தால் பரோட்டா உண்டு என்றாள். நான்கு மணிக்கு எழுவது மட்டும் பிடிக்கவில்லையாம். பிறகு கொத்தமல்லியை வாழைநாரால் கட்டுவது எப்படி என்று காட்டினாள். என் மகன் கட்டிய மூன்று கட்டும் அவிழ்ந்தன. அவள் அவற்றைப் பிரித்து மறுபடி கட்டி, விற்கிற குவியலில் சேர்த்துவிட்டாள்.